எலக்ட்ரிக் ஸ்கூட்டர் எடுக்கலாமா? எட்டு வருடச் செலவைப் போட்டுப் பார்த்துவிடுவோம்

எலக்ட்ரிக் பைக் வாங்கலாமா, எது நல்லது என்று யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டுவீர்கள் என்பதைத்தான். ரேஞ்ச், ஆப், டச் ஸ்கிரீன், பூட் ஸ்பேஸ் எல்லாம் அதற்கப்புறம். தினமும் முப்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கும், காய்கறி வாங்கவும் பிள்ளையை டியூஷனில் விடவும் மட்டும் வண்டி எடுக்கிறவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. ஷோரூமில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பதில்தான் கிடைக்கும்.

முதலில் நிறைய ஓட்டுகிறவர் கணக்கு. வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தாம்பரத்திலிருந்து கிண்டிக்குத் தினமும் வேலைக்குப் போய் வந்தாலே கிட்டத்தட்ட அவ்வளவு ஆகிவிடும். ஆக்டிவா, ஜூபிடர் வகையறா சென்னை டிராஃபிக்கில் லிட்டருக்கு 45 கொடுத்தால் 222 லிட்டர் பெட்ரோல். சென்னையில் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி ரொம்ப நாளாகிறது, ஆக வருடத்துக்கு 22,000 ரூபாய்க்கு மேல் பெட்ரோலுக்கே போகிறது. ஆயில் மாற்றுவது, ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், எப்போதாவது சக்கரத்துக்கு விசை கொண்டுபோகிற சிவிடி பெல்ட், ரோலர் எல்லாம் சேர்த்துச் சராசரியாக இன்னொரு 4,000.

எலக்ட்ரிக்கில் சார்ஜர் இழப்பையும் சேர்த்து 100 கிலோமீட்டருக்கு மூன்றரை முதல் நான்கு யூனிட் கரண்ட் ஆகும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு 370 யூனிட் சொச்சம், அதாவது இரண்டு மாத ரீடிங்கில் அறுபது யூனிட் கூடும். "வெறும் 25 பைசாவில் ஒரு கிலோமீட்டர்" என்று விளம்பரம் போடுகிறார்களே, அது உண்மையா என்பது உங்கள் வீட்டு ஈபி பில் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2024 ஜூலையில் மாற்றிய கட்டணத்தை வைத்துப் பார்த்தால், ஏற்கெனவே முந்நூறு யூனிட் ஓடுகிற வீட்டில் அந்த அறுபதும் யூனிட் 4 ரூபாய் 80 பைசாவில் முடிந்துவிடும், வருடத்துக்கு 1,800 ரூபாய். அதுவே ஏசி ஓடுகிற, 450 யூனிட்டில் நிற்கிற வீடு என்றால், இந்த அறுபது உங்களை 500க்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும். தள்ளினால் 500க்கு மேற்பட்டதற்கு யூனிட் 8 ரூபாய் 55 பைசா, கூடவே 101 முதல் 200 வரைக்குக் கிடைத்துக்கொண்டிருந்த சலுகை விலையும் போய்விடும். அப்படிப் போனால் வருடத்துக்கு 4,000 வரை வரும். அப்போதும் பெட்ரோல் செலவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் விளம்பரத்தில் சொன்னதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல்.

வாடகை வீட்டுக்காரர்கள் இன்னும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டோ பத்தோ வாங்குகிற ஹவுஸ் ஓனர் என்றால் அந்த ரேட்டில் போடுங்கள். "வண்டிக்குத் தனியா மாசம் ஐநூறு குடுத்துடுங்க" என்கிற ஓனர் என்றால் கணக்கே வேறு. அதைவிட முக்கியம், கீழே பார்க்கிங்கில் 15 ஆம்ப்ஸ் பிளக் பாயின்ட் போட விடுவாரா என்பது. மூன்றாவது மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைத் தொங்கவிட்டு சார்ஜ் போடுகிற திட்டம் இருந்தால் அதை இப்போதே கைவிட்டுவிடுங்கள்.

சரி, எட்டு வருடத்துக்குக் கூட்டிப் பார்ப்போம். பெட்ரோல் வண்டி எரிபொருளும் சர்வீஸுமாக 2 லட்சத்து 10 ஆயிரம். எலக்ட்ரிக், கரண்டுக்கு வருடம் 3,000, சர்வீஸுக்கு 2,500 என்று வைத்தால் 44,000. மிச்சம் 1 லட்சத்து 65 ஆயிரம். வாங்கும்போது எலக்ட்ரிக்குக்குக் கூடுதலாகக் கொடுத்த இருபத்தைந்து முப்பதாயிரத்தைக் கழித்துவிடுங்கள். நடுவில் ஒரு முறை பேட்டரியே மாற்ற வேண்டி வந்து 70,000 போனாலும், மோட்டாரை இயக்குகிற கன்ட்ரோலர் போய் இன்னொரு 20,000 போனாலும், கையில் நாற்பதாயிரத்துக்கு மேல் நிற்கிறது. நிறைய ஓட்டுகிறவர் யோசிக்க ஒன்றுமில்லை, எடுக்கலாம்.

இப்போது வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவரைப் பாருங்கள். பெட்ரோலே 6,700 ரூபாய்தான். எலக்ட்ரிக்கில் எல்லாம் போக வருடம் ஏழாயிரம் மிச்சமாகும் என்று தாராளமாகவே வைத்தாலும் எட்டு வருடத்துக்கு 56,000. விலை வித்தியாசத்தைக் கழித்தால் முப்பதாயிரம் பக்கம். ஒரே ஒரு பேட்டரி மாற்றம் அதை விழுங்கி அதற்கு மேலும் கேட்கும். இதில் 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, எலக்ட்ரிக்குக்குப் பழைய 5 சதவீதமே. மானியமோ தேய்ந்துகொண்டே வந்தது. 2021இல் பேட்டரியில் பிடிக்கிற ஒவ்வொரு யூனிட்டுக்கும் (கிலோவாட்-ஹவர்) 15,000 ரூபாய் கொடுத்தார்கள், 2023 ஜூனில் 10,000 ஆக்கினார்கள், பிஎம் இ-டிரைவ் என்கிற மத்திய அரசுத் திட்டம் வந்தபோது 5,000, 2025 ஏப்ரலில் அதிலும் பாதி. ஆக, ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டருக்குள் ஓட்டுகிறவர் பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று எலக்ட்ரிக் வாங்க வேண்டாம். சத்தமில்லை, புகையில்லை, பங்கில் வரிசையில் நிற்க வேண்டாம் என்பதற்காக வாங்கினால் அது வேறு, தாராளமாக வாங்கலாம்.

கொஞ்சமாக ஓட்டுகிறவர்களுக்கு என்றே விற்கிற சின்ன வண்டிகளைப் பற்றி இரண்டு வரி. 250 வாட், மணிக்கு 25 கிலோமீட்டர், லைசென்ஸ் வேண்டாம், ரெஜிஸ்ட்ரேஷன் வேண்டாம், ஐம்பதாயிரம் ரூபாய். உள்ளே லெட் ஆசிட் பேட்டரி இருந்தால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை செட்டையே மாற்ற வேண்டும், பதினைந்தாயிரத்துக்கு மேல் ஆகும். வருடத்துக்கு எட்டாயிரம் ரூபாய் பேட்டரிக்கே போனால் ஆக்டிவாவுக்குப் பெட்ரோல் போடுவதைவிட அதிகம். லித்தியம் போட்டது என்றால் மட்டும் பேசலாம். "சார், லாக்கை எடுத்துவிட்டா நாப்பதுல போகும்" என்று கடைக்காரர் கண் சிமிட்டினால் வெளியே வந்துவிடுங்கள். ஓடும் வேகம் கூடிவிட்டால் அது சட்டப்படி ரெஜிஸ்டர் செய்ய வேண்டிய வண்டி, நாளைக்கு யார் மேலாவது இடித்தால் இன்சூரன்ஸும் இல்லை.

இனி உண்மையான போட்டிக்கு வருவோம். டிவிஎஸ் ஐக்யூப், பஜாஜ் சேத்தக், ஏதர், ஓலா, விடா, ஆம்பியர். இதில் ஏதரையும் ஐக்யூப்பையும் ஓசூரிலும், ஓலாவைப் போச்சம்பள்ளியிலும், ஆம்பியரை ராணிப்பேட்டையிலும் செய்கிறார்கள், அதனால் நம் ஊரில் பார்ட்ஸ் உடனே கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். ஃபேக்டரி பக்கத்தில் இருப்பதும், உங்கள் ஊர் சர்வீஸ் சென்டர் ரேக்கில் அந்தப் பார்ட் இருப்பதும் சம்பந்தமே இல்லாத விஷயங்கள்.

பராமரிப்பில் இவற்றுக்குள் என்ன வித்தியாசம் என்றால், மோட்டாரிலிருந்து சக்கரத்துக்கு விசை எப்படிப் போகிறது என்பதில்தான் தொடங்குகிறது. ஐக்யூப்பில் ஹப் மோட்டார், அதாவது மோட்டார் பின் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. பெல்ட் இல்லை, செயின் இல்லை, தேய எதுவுமில்லை. ஆனால் அந்த எடை முழுவதும் சக்கரத்தில் உட்கார்ந்திருப்பதால் குண்டு குழியில் அடி நேராக மோட்டாருக்கே போகும். பஞ்சர் பிரச்சினையில்லை, டியூப்லெஸ், வெளியிலிருந்தே குச்சி சொருகிவிடலாம். டயர் மாற்றும்போதுதான் வேலை. சக்கரத்தைக் கழற்றினால் அதோடு விரல் தடிமனுக்கு மூன்று வயரும், கூடவே மெல்லிய சென்சார் வயரும் ஆக்ஸில் வழியாக வெளியே வரும். அதை எங்கே பிரிப்பது என்று தெரியாமல் இழுத்தால் சென்சார் வயர் அறுந்து, வண்டி உதறி உதறி ஓடும். நம் தெருமுனைப் பஞ்சர் கடை அண்ணன் நேர்மையானவர் என்றால் "இது கம்பெனிக்கே எடுத்துட்டுப் போய்டுங்க தம்பி" என்பார். அவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஏதரில் மோட்டார் நடுவில், பெல்ட் வழியாகச் சக்கரத்துக்கு. ஓட்ட அருமையாக இருக்கும், மேடு ஏற, ஓவர்டேக் செய்ய, வளைவில் திரும்ப. ஆனால் பெல்ட் தேயும், அதன் இழுவையைச் சரிபார்க்க வேண்டும், மழைக்காலத்தில் மண்ணும் சேறும் புகுந்தால் கீச்சென்று சத்தம் வரும். ஒரு கட்டத்தில் பெல்ட்டையும் புல்லியையும் மாற்ற வேண்டும். ஓலா 2025 தொடக்கத்தில் கொண்டுவந்த மூன்றாம் தலைமுறை வண்டிகளில் செயினுக்கு வந்துவிட்டது. செயின் என்றால் எண்ணெய் போடுவது, டைட் செய்வது, ஸ்பிராக்கெட், எல்லாம் பைக் ஓட்டியவர்களுக்குத் தெரிந்த வேலைதான், எந்த மெக்கானிக்கும் பார்த்துவிடுவார் என்பது அதில் உள்ள நன்மை. சேத்தக்கில் பெரும்பாலான மாடல்களில் கியர் வழியாக நேரடி இணைப்பு, அவ்வப்போது கியர் ஆயில் பார்த்தால் போதும். சேத்தக்கின் பாடி இரும்பு. இதை ஷோரூமில் பெருமையாகத் தட்டிக் காட்டுவார்கள். அது உண்மையிலேயே நல்லதுதான், வண்டி கீழே விழுந்தால் பிளாஸ்டிக் பேனல் உடைந்து மொத்தமாக மாற்றுவதைவிட இரும்பைத் தட்டி நிமிர்த்தி பெயின்ட் அடிப்பது மலிவு. கடற்கரை ஓரம் இருப்பவர்கள் மட்டும் துருவைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வித்தியாசங்களை எல்லாம் ரூபாயில் போட்டால் வருடத்துக்கு ஆயிரம் இரண்டாயிரம்தான். பிரேக் பேட் எல்லாவற்றிலும் பெட்ரோல் வண்டியைவிட நாள்பட வரும், ஆக்ஸிலேட்டரை விட்டதுமே மோட்டார் வேகத்தை இழுத்துப் பிடிக்கிற வண்டிகளில் இன்னும் அதிகம். டயர் அதற்கு நேர்மாறு. எடையும் கூட, நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையும் கூட, அதனால் பின் டயர் சீக்கிரம் வழுக்கையாகும். சிக்னலில் பச்சை விழுந்ததும் சீறுகிற பழக்கம் இருந்தால் இன்னும் சீக்கிரம்.

பெரிய செலவு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. எல்லோரும் பேட்டரியைப் பற்றியே பயப்படுகிறார்கள், கம்பெனிகளும் அதைத் தெரிந்துகொண்டு எட்டு வருடம், 80,000 கிலோமீட்டர் என்று பேட்டரி வாரண்டியைக் கூடுதல் காசுக்கு நீட்டித் தருகின்றன. ஏதரின் திட்டத்தில் பேட்டரியின் ஆரோக்கியம் 70 சதவீதத்துக்குக் கீழே போனாலும் மாற்றித் தருவதாக எழுத்திலேயே இருக்கிறது. அதை வாங்கிவிடுங்கள், கேள்வியே வேண்டாம். பயப்பட வேண்டியது மற்ற எலக்ட்ரானிக்ஸ் சாமான்களைப் பற்றி. மோட்டார் கன்ட்ரோலர், சார்ஜர், பன்னிரண்டு வோல்ட்டாக மாற்றித் தருகிற கன்வெர்ட்டர், டிஸ்ப்ளே. இவற்றுக்குப் பெரும்பாலும் மூன்று வருடம்தான். நான்காவது வருடம் ஒரு மழை நாளில் டிஸ்ப்ளே கறுத்துப்போனால் சில வண்டிகள் கிளம்பவே கிளம்பாது, ஏனென்றால் அவற்றில் சாவிக்குப் பதில் அந்தத் திரைதான். இந்தச் சாமான்களைப் பெரும்பாலும் ரிப்பேர் செய்வதில்லை, சர்வீஸ் சென்டரில் பெட்டியோடு மாற்றத்தான் சொல்வார்கள். அதனால் வாங்கும்போதே வாரண்டி புத்தகத்தைப் புரட்டி, நீட்டித்த வாரண்டியில் பேட்டரி மட்டுமா, கன்ட்ரோலரும் டிஸ்ப்ளேயும் உண்டா என்று பாருங்கள். சேல்ஸ்மேன் சொல்வதை எண்ண வேண்டாம், அச்சில் இருப்பதை மட்டும் எண்ணுங்கள்.

அதோடு பில்லில் வராத ஒரு செலவும் இருக்கிறது, வண்டி நிற்கிற நாட்கள். எங்கள் தெருவில் ஒருவருடைய ஸ்கூட்டர் ஒரு சின்ன சென்சாருக்காகக் கிட்டத்தட்ட ஒரு மாதம் சர்வீஸ் சென்டரில் தூசி பிடித்துக்கிடந்தது. வாரண்டியில்தான் செய்தார்கள், ஒரு பைசா வாங்கவில்லை. ஆனால் அந்த மாதம் முழுக்க அவர் ஷேர் ஆட்டோவுக்கும் ரேபிடோவுக்கும் கொடுத்ததைக் கணக்கில் எங்கே எழுதுவது? 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலாவுக்கு நோட்டீஸ் அனுப்பியபோது ஒரு வருடத்தில் 10,644 புகார்கள் என்று எண்ணிக்கை சொன்னது. 99 சதவீதத்துக்கு மேல் தீர்த்துவிட்டோம் என்று கம்பெனி பதில் சொன்னது. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் தேசியக் கணக்கு உங்களுக்கு உதவாது, உங்கள் ஊர் சென்டர் எப்படி என்பதே உதவும். ஒரு சனிக்கிழமை காலை அங்கே போய் வாசலில் எத்தனை வண்டி நிற்கிறது, எத்தனை வண்டி மேல் தூசி படிந்திருக்கிறது என்று பாருங்கள். வண்டி எடுக்க வந்திருப்பவர்களிடம் எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். அரை மணி நேரத்தில் கிடைக்கிற இந்தத் தகவல் எந்த யூடியூப் ரிவ்யூவிலும் கிடைக்காது. விருத்தாசலத்திலோ பட்டுக்கோட்டையிலோ இருப்பவருக்கு நான் ஐக்யூப், சேத்தக் என்று சொல்வது, அந்த வண்டிகள் மேல் பெரிய காதல் இருப்பதால் இல்லை. ஏற்கெனவே பெட்ரோல் வண்டி விற்று ஊன்றிய டீலர் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம், சண்டை போடவாவது ஒரு முகம் கிடைக்கும்.

பேட்டரியை மொத்தமாக வாங்காமல் வாடகைக்கு எடுக்கிற திட்டமும் உண்டு. விடா விஎக்ஸ்2 கோ 2025 ஜூலையில் வந்தபோது பேட்டரியோடு 99,490, பேட்டரி இல்லாமல் 59,490, ஓட்டுகிற கிலோமீட்டருக்கு 96 பைசா. வித்தியாசம் 40,000. பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர் நான்கு வருடத்தில் அந்த நாற்பதாயிரத்தை வாடகையாகவே கட்டிவிடுவார், கரண்ட் தனி. அதற்குமேல் கட்டுவதெல்லாம் நஷ்டம். குறைவாக ஓட்டுகிறவருக்கு லாபம்போலத் தெரியும், ஆனால் மாதம் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டருக்குக் கட்டியாக வேண்டும் என்று ஒரு வரி இருக்கும், அதைப் படியுங்கள். கையில் முன்பணம் இல்லாதவருக்கு இது ஒரு வகை ஈஎம்ஐ, அவ்வளவுதான். விடாவில் எனக்குப் பிடித்தது வேறொன்று, பேட்டரியைக் கழற்றி மேலே வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பார்க்கிங்கில் பிளக் போட விடாத ஓனர் வாய்த்தவர்களுக்கு அது ஒன்றே போதும்.

பேட்டரியின் ரசாயனத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லித்தியம் பேட்டரியிலேயே இரண்டு வகை: பெரும்பாலான வண்டிகளில் என்எம்சி, ஆம்பியர் நெக்ஸஸ் போன்ற சிலவற்றில் எல்எஃப்பி. எல்எஃப்பி எடை கூட, சூட்டைத் தாங்கும், அதிக முறை சார்ஜ் ஏற்றலாம். நம் வெயிலுக்கு அது பொருத்தம்தான், ஆனால் அதற்காகவே சர்வீஸ் சென்டர் இல்லாத ஊரில் வாங்காதீர்கள். எந்தப் பேட்டரியாக இருந்தாலும் மே மாத மத்தியானம் ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் ஒரு மணி நேரம் ஆறவிடுவதும், தினமும் நூறு வரை நிரப்பி அப்படியே விட்டுவைக்காமல் இருப்பதும் ஆயுளைக் கூட்டும். எல்எஃப்பிக்கு மட்டும் அவ்வப்போது முழுச் சார்ஜ் வேண்டும், இல்லாவிட்டால் மீட்டரில் காட்டுகிற சதவீதம் தப்பாகிப்போகும். இன்னொன்று, சார்ஜ் போட்ட ஒரு மணி நேரம் கழித்து சுவரில் இருக்கிற பிளக் டாப்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட் உள்ளே லூஸ், பின்னைச் சுற்றிப் பழுப்பு நிறமாகக் கருகத் தொடங்கியிருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நல்ல சாக்கெட்டும் எர்த்தும் போட இரண்டாயிரம் மூவாயிரம் ஆகும். சார்ஜர் போனால் அதைப்போலப் பல மடங்கு.

இன்சூரன்ஸில் தர்ட் பார்ட்டி கொஞ்சம் மலிவு. 3 முதல் 7 கிலோவாட் வரையிலான எலக்ட்ரிக்குக்கு வருடம் 607 ரூபாய், 75 முதல் 150 சிசி பெட்ரோலுக்கு 714. நூறு ரூபாய் மிச்சம் என்று சந்தோஷப்பட்டு அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். நம் வண்டிக்கு ஆகிற சேதத்துக்கான சாதாரண ஓன் டேமேஜ் பாலிசியில் பேட்டரிக்கு, டயர் மாதிரியே, பாதி மதிப்பைக் கழித்துக்கொண்டுதான் கிளெய்ம் கொடுப்பது வழக்கம். வண்டியின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பேட்டரியே என்னும்போது அந்தப் பாதி பெரிய தொகை. அப்படித் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்பும், பேட்டரிக்கென்று இருக்கிற கூடுதல் கவரும் சேர்த்து எடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் பார்க்கிங்கில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது ஞாபகம் இருக்கும். பேட்டரிக்குள் தண்ணீர் புகாது என்பதற்கு ஐபி67 என்று ஒரு தர எண் காட்டுவார்கள், அதற்கு ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம், அவ்வளவுதான் சோதனை. நாள்கணக்கில் ஊறியதற்குக் கம்பெனி வாரண்டியில் இடமிருக்காது, இன்சூரன்ஸ்தான் கை கொடுக்க வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் பார்க்கிறவர்களுக்கு: 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அந்த வருடம் நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரி பாதுகாப்பு விதிகளை இறுக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் கடைசியிலும் இரண்டு கட்டமாக அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அதனால் ஆர்சியில் தயாரித்த மாதத்தைப் பாருங்கள், 2023 ஏப்ரலுக்கு முந்தையது என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். அதற்குப் பிந்தையது என்றால் ஓனரையும் அழைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போய் பேட்டரி ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று ரிப்போர்ட் எடுங்கள், நீட்டித்த வாரண்டி உங்கள் பெயருக்கு மாறுமா என்று எழுதி வாங்குங்கள். இரண்டுக்கும் சரி என்றால், மூன்று வருடம் ஓடிய வண்டி பாதி விலைக்குக் கிடைக்கிற இந்தச் சந்தையில், குறைவாக ஓட்டுகிறவருக்கும் கணக்கு ஒத்துவருகிற ஒரே எலக்ட்ரிக் அதுதான்.